பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்

காளவாசல் சிக்னலைத் தாண்டியதும் ஒரு பேட்டரிக் கடை வரும். அதன் மாடியில்தான் ஜாய்ஸின் அலுவலகம். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிற தொழில். மாடி முழுவதும் ஒரே கூடமாக இருந்த இடம், அந்த ஆனி மாதம் நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாகிவிட்டது. இந்தப் பக்கம் ஜாய்ஸ். அந்தப் பக்கம் கனகா.

பிரித்தவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். இரண்டு பேர் பெயரிலும் ஒப்பந்தம் இருந்ததால் ஒருத்தியை வெளியே போகச் சொல்ல அவரால் முடியவில்லை. பலகையை அடித்துக் கொடுத்துவிட்டு, இனிமேல் எந்தப் பஞ்சாயத்துக்கும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் பிரித்த விதத்திலேயே சண்டைக்கு வழி இருந்தது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் ஜாய்ஸ் பக்கம் இருந்தது, கக்கூஸ் கனகா பக்கம். மேல்தொட்டி காலியாகிவிட்டது என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தால் ஜாய்ஸ் காதில் விழாதது போல இருப்பாள். மறுநாள் கக்கூஸ் கதவில் பூட்டுத் தொங்கும். கீழே ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்தில் யார் முதலில் வருகிறாளோ அவள் வண்டியைக் குறுக்காகப் போடுவாள். பேட்டரிக் கடைக்காரர் இரண்டையும் தள்ளி வைத்து அலுத்துப்போனார்.

இத்தனைக்கும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஜாய்ஸின் அம்மா விக்டோரியா மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு கே.கே. நகரில். கனகாவுக்கு டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். பிறகு குத்தகைக்குப் பிடித்துத் தாங்களே வெள்ளாமை வைத்தார்கள். கடைசி வருடம் ஹாஸ்டலில் இடம் இல்லாமல் போனபோது கனகா ஜாய்ஸ் வீட்டிலேயே தங்கிப் படித்தாள். படிப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து இந்த மாடியைப் பிடித்தார்கள். வாடிக்கையாளரிடம் பேசுவது ஜாய்ஸ். உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதில் பெரும்பங்கு கனகா. படம், நிறம், எழுத்து எல்லாம் பார்த்துக்கொள்ள அழகுபாண்டி என்று ஒருவரை வைத்துக்கொண்டார்கள். அவர் முன்பு பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்துகொண்டிருந்தவர், இருவரையும் விட மூத்தவர். இருவரையும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

பிரிவு வந்தது ஒரு ஜவுளிக் கடையில். கடை முதலாளி கனகாவைக் காட்டி, இது யாரு என்று கேட்டபோது, நம்ம ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு என்று ஜாய்ஸ் சொல்லிவிட்டாள். அவள் யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். அடுத்த வாரம் கனகா, வாசல் பெயர்ப்பலகையில் தன் பெயரும் வர வேண்டும் என்றாள். அதைக் கேட்டதும் ஜாய்ஸுக்குச் சுருக்கென்றது. கூட்டிவந்து உட்காரவைத்தவளிடமே பங்கு கேட்கிறாள் என்று பட்டது. பேச்சு வளர்ந்து, வாடிக்கையாளர்களைப் பிரித்துக்கொள்வதில் போய் நின்றது. கே.கே. நகர் எலும்பு ஆஸ்பத்திரி ஜாய்ஸ் பங்குக்கு வந்தது.

அந்த ஆஸ்பத்திரி வெப்சைட்தான் இப்போது அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டரிடம் நேரம் பதிவு செய்துகொள்ளும்படியான சைட் அது. இன்னும் வெளியே ஏற்றவில்லை. ஜாய்ஸின் மேஜைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, லோக்கலாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி மேனேஜர் செல்வக்குமார் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஏற்றுவது என்று பேச்சு. பிளைவுட் அடிப்பதற்கு முன்பு வரை நன்றாக ஓடியது. அடித்து, கனகா தன் பக்கத்துக்குத் தனியாக நெட் கனெக்‌ஷன் வாங்கிக்கொண்ட பிறகு படுத்துவிட்டது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னால் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். டீயை ஆற்றிக் குடித்து முடிக்கிற நேரத்துக்குப் பிறகு பக்கம் வரும். அடுத்த பக்கத்துக்குப் போனால் மறுபடியும் அதே வட்டம்.

வெளியில் இருக்கிற சர்வர் என்றால் நெட் மீது பழி போடலாம். சொந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஏன் இப்படி நொண்ட வேண்டும் என்று ஜாய்ஸுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பிரவுசரில் திறந்திருந்ததையெல்லாம் மூடினாள். ஆன்டிவைரஸ்தான் ஒவ்வொரு ஃபைலையும் முகர்ந்து பார்த்துத் தாமதப்படுத்துகிறது என்று நினைத்து அதை நிறுத்தி வைத்தாள். வட்டம் சுற்றுவது நிற்கவில்லை.

பிறகு அவள் கோபம், தன் பக்கம் தங்கிவிட்ட அழகுபாண்டி மேல் திரும்பியது. டாக்டர்களின் புகைப்படங்களை அவர் கேமராவில் எடுத்த அளவிலேயே பெரிது பெரிதாகப் போட்டிருந்தார். ஒரு மார்பளவுப் படம் காட்டுவதற்கு ஊரையே தூக்கி உள்ளே வைத்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று அவரைப் போட்டுத் தாளித்தாள். அவர் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் சிறிதாக்கிக் கொடுத்தார். அதனால் ஒரு பலனும் இல்லை. அப்படியென்றால் படத்தால் இல்லை போலிருக்கு என்று அவர் மெதுவாகச் சொன்னதும், தெரிஞ்சா சொல்லுங்க, தெரியாட்டிப் பேசாம இருங்க என்று வெடுக்கென்று விழுந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இங்கே பேசுவது ஒரு வார்த்தை விடாமல் அங்கே கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் எரிச்சலை இன்னும் ஏற்றியது.

மோசமான மனநிலையில் இருந்தாலும் ஜாய்ஸுக்கு வேலை தெரியும். ஒரு வெறும் பக்கம் செய்து அதில் வணக்கம் என்று மட்டும் எழுதித் திறந்து பார்த்தாள். பட்டென்று வந்தது. அதே கம்ப்யூட்டரில் இருந்த வேறு இரண்டு சைட்டுகளைத் திறந்தாள். அவையும் வந்தன. ஆக, கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. ஆஸ்பத்திரி சைட்டில் படமே இல்லாத, டேட்டாபேஸ் பக்கமே போகாத ஒரு பக்கத்தைத் திறந்தாள். அது நொண்டியது. பக்கம் உருவாவதற்கு முன்னாலேயே, வாசலிலேயே எதுவோ பிடித்து நிறுத்துகிறது. எல்லாப் பக்கமும் ஆரம்பிக்கும்போது ஓடுகிற பொதுவான ஃபைல் ஒன்று உண்டு. அதைத் திறந்து, ஒவ்வொரு இடத்தைத் தாண்டும்போதும் நேரத்தைக் காட்டும்படி இடையிடையே எழுதிவைக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்வக்குமார் படியேறி வந்தார். மாலையில் வருகிறேன் என்றவர், காளவாசலில் வேறு வேலை இருந்ததென்று மதியமே வந்துவிட்டார். வெயிலில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஜாய்ஸ் அவரை உட்காரவைத்தாள். ஒரு சின்னப் பிரச்சினை, இதோ முடிந்துவிடும் என்றாள். முதல் பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினாள். வட்டம் சுற்றியது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மின்விசிறியைப் பார்த்தார். வட்டம் இன்னும் சுற்றியது.

"கால் ஒடஞ்சு வர்றவன் இம்புட்டு நேரம் காத்திருப்பானா மேடம்?" என்றார்.

ஜாய்ஸுக்கு முகம் சிவந்தது. ஒரு நிமிஷம் சார் என்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் எழுதிவைத்த நேரக் குறிப்புகள் வரிசையாக வந்திருந்தன. எல்லா இடத்தையும் சைட் ஓடித் தாண்டியிருந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அத்தனை தாமதமும் அந்த ஒற்றை வரியில் குவிந்திருந்தது. அந்த வரி, சைட்டில் ஏற்படும் தவறுகளைப் பதிந்துகொள்ளச் சொல்லி இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பதில் வராததால் காத்திருந்து, காத்திருந்து, பிறகு விட்டுவிட்டு மேலே போனது. கம்ப்யூட்டரின் பெயரும் அதிலேயே இருந்தது. கனகா பிசி.

அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் அழகுபாண்டியின் மேஜையில் இடித்தது. வராந்தா வழியாகப் போய் அந்தப் பக்கக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

கனகா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்ன என்று கேட்டாள்.

"என் சைட்டுக்குள்ள ஒன் மிஷின் பேரு எப்படி வந்துச்சு?"

"எந்த சைட்டு?"

"ஆஸ்பத்திரி சைட்டு. ஒவ்வொரு பக்கமும் ஒன் கம்ப்யூட்டரத் தேடிக்கிட்டு நிக்கிது. போறப்ப சொருகி வச்சிட்டுப் போயிருக்க. நான் கெடந்து அல்லாடுறத அங்கிட்டிருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

"நான் எதையும் சொருகல," என்றாள் கனகா. இப்போது திரும்பியிருந்தாள்.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னு படிச்சிட்டு எனக்கே குழி பறிக்கிறியா? ஒங்க புத்தி அம்புட்டுத்தான்."

சொன்ன பிறகு வராந்தாவில் சத்தம் கேட்டு ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தாள். வாசலில் அழகுபாண்டியும் அவருக்குப் பின்னால் செல்வக்குமாரும் நின்றிருந்தார்கள். ஒங்க என்ற அந்தச் சொல் கனகாவை மட்டுமல்ல, அவள் சனத்தையே குறித்தது என்பது நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. கீழே பேட்டரிக் கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கனகா எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஆமா, சாப்ட்டேன். ஒங்க வீட்ல ஒரு வருசம் ஏனம் கழுவுனேன். எனக்கு ரெண்டும் ஞாபகம் இருக்கு. ஒனக்கு ஒண்ணுதான் இருக்கு."

ஜாய்ஸ் வாயைத் திறந்தாள். கனகா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த வரிய எழுதுனது நீ. தை மாசம், ஆஸ்பத்திரி வேலை ஆரம்பிச்சப்ப. எல்லாத் தப்பும் ஒரே எடத்துல சேரட்டும், ஒன் மிஷின்லதான் எடம் கெடக்குன்னு சொல்லி நீயே போட்ட. நான் மிஷின் பேர மட்டுந்தான் சொன்னேன். இப்ப என் நெட்டு வேற, ஒன் நெட்டு வேற. ஒன் கம்ப்யூட்டர் கூப்பிடுறது இங்க கேக்காது."

ஜாய்ஸ் அழகுபாண்டியைப் பார்த்தாள். இல்லை என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தாளா என்னவோ. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் போட்டீங்க தங்கச்சி. நானும் கூட இருந்தேன்," என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த நாள். கனகா ஊரிலிருந்து கரும்பு கொண்டுவந்திருந்தாள். ஜாய்ஸ் ஒரு கையில் கரும்பைப் பிடித்துக் கடித்துக்கொண்டே மறு கையால் அந்த வரியைத் தட்டினாள். ஒட்டுகிற விரலோடு கீபோர்டைத் தொடாதே என்று கனகா சிரித்தது வரை ஞாபகம் வந்தது. அப்போதும் அவள் வாய் அடங்கவில்லை.

"அப்ப பிரிச்சிட்டுப் போறப்ப அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கிட்டப் பேசுனியா?" என்று கேட்டுவிட்டுக் கனகா திரைக்குத் திரும்பிக்கொண்டாள். கதவை அழகுபாண்டிதான் சாத்தினார்.

ஜாய்ஸ் தன் இடத்துக்கு வந்து அந்த வரியை அழித்தாள். பக்கத்தைத் திறந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. டாக்டர்கள் பக்கம், நேரம் பதியும் பக்கம், எதைத் தொட்டாலும் உடனே வந்தது. எத்தனையோ வருடப் பழக்கம், ஒரு கோளாறு சரியானால் ஏய் வந்துருச்சு என்று கனகாவைக் கூப்பிடுவது. கூப்பிடுவதற்காகத் திரும்பிவிட்டாள். கண்ணுக்கு எதிரே பிளைவுட் இருந்தது.

செல்வக்குமார் எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார். இரண்டு திருத்தம் சொன்னார். வேகம் நன்றாக இருக்கிறது, வெளியே ஏற்றிவிடலாம் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, சைட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை மேடம் என்று சொன்னார். வேறு எதைப் பற்றியோ சொல்ல இருப்பது போல நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று வீட்டுக்குப் போனதும் ஜாய்ஸ் அம்மாவிடம் சொன்னாள். குறையாகத்தான் சொன்னாள், சபையில் வைத்துத் தன்னைக் கனகா அவமானப்படுத்திவிட்டாள் என்று. விக்டோரியா கேட்டுக்கொண்டிருந்தார். கனகா பாத்திரம் கழுவின பேச்சு வந்ததும், "கழுவுனா என்ன? சும்மாவா வச்சிருந்தோம்? வேற யாரு அவளை வீட்டுக்குள்ள விட்டிருப்பா?" என்றார்.

மதியம் தன் வாயிலிருந்து வந்த அதே குரல் இப்போது எதிரே உட்கார்ந்து பேசுவது போல ஜாய்ஸுக்கு இருந்தது. அந்த ஒரு வருடமும் சாப்பாடு முடிந்து அவள் டிவி முன்னால் போய் உட்காருவாள். அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். ஒருநாள் கூட எழுந்து போனதில்லை. கனகாவே விரும்பிச் செய்கிறாள் என்று ஜாய்ஸிடம் யாரும் சொல்லவில்லை, தானாகவே நினைத்துக்கொண்டது. அவளை ஏன் கழுவவிட்டோம் என்று அம்மாவிடம் கேட்டாள். சண்டை வந்தது. டீச்சராக இருந்து எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றினேன் என்று விக்டோரியா பேர் பேராகச் சொல்ல ஆரம்பித்தார். ஜாய்ஸ் சாப்பிடாமல் எழுந்துபோனாள். தாயும் மகளும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சண்டைக்கு மறுநாள் காலையே, கனகா வரும் வரை ஜாய்ஸ் வராந்தாவில் நின்றாள். அந்த வரி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், அந்தப் பேச்சும் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னாள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போல வந்தது அவளுக்கே தெரிந்தது. கனகா சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

"அந்த சார் முன்னாடி சொன்ன. அவரு முன்னாடியே அந்தப் பேச்ச வாபஸ் வாங்கிக்க. எங்கிட்டச் சொல்லி என்ன?"

செய்கிறேன் என்று ஜாய்ஸ் தலையாட்டினாள். மதியத்துக்குள் செல்வக்குமாருக்குப் போன் செய்தாள். சைட் ஏற்றியாகிவிட்டது என்று சொன்னாள். பிறகு, நேற்று வந்த கோளாறுக்குக் காரணமான வரியை எழுதியது தான்தான், கனகா மேல் தப்பு இல்லை என்றாள். அதை அங்கேயே கேட்டேனே மேடம் என்றார் அவர். சொல்லிவிட்டு, போனை வைக்காமல் இருந்தார். ஜாய்ஸுக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். சோறு என்ற சொல்லை இன்னொரு முறை அவரிடம் எப்படி எடுப்பது என்று தடுமாறினாள். கடைசியில், "வேற ஒண்ணுமில்ல சார்," என்று வைத்துவிட்டாள்.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. அவள் போனை வைத்ததும் மறுபடியும் தொடங்கியது.

அதற்குப் பிறகு மோட்டாரை ஜாய்ஸ் ஒழுங்காகப் போட்டாள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து நன்றியும் வரவில்லை, சண்டையும் வரவில்லை. பகையாக இருந்த நாட்களில் கதவை ஓங்கிச் சாத்துவதாவது இருந்தது. இப்போது வராந்தாவில் எதிர்ப்பட்டால் கனகா ஒதுங்கி வழி விடுவாள், தெரியாத ஆளுக்கு விடுவது போல. ஜாய்ஸுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே அவள் செருப்பைக் காலால் தள்ளிவிட்டுப் பார்த்தாள். கனகா குனிந்து எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அழகுபாண்டி ஆவணியில் சொல்லிவிட்டார், மாசம் முடிந்ததும் கனகா பக்கம் போகிறேன் என்று. நான் கத்தினதுக்காகவா என்று ஜாய்ஸ் கேட்டாள். தன்னிடம் கத்தியது பெரிதில்லை, வேலை என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்றார். அவருக்கும் ஊர் கனகா ஊருக்குப் பக்கம்தான். வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் அவர் எந்த ஊர் என்று ஜாய்ஸ் கேட்டதே இல்லை. தன் மேஜையை அவரே தூக்கிக்கொண்டு வராந்தா வழியாகப் போனார். கதவில் இடிபடாமல் இருக்க ஜாய்ஸ் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலையைப் பாராட்டினார்கள். ஆனால் சைட்டைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கனகாவிடம் கொடுத்துவிட்டார்கள். செல்வக்குமார் போனில் மரியாதையாகத்தான் சொன்னார். ஜாய்ஸ் காரணம் கேட்கவில்லை.

ஐப்பசியில் அவள் மாடியைக் காலி செய்தாள். ஒரு ஆளுக்கு அத்தனை இடம் எதற்கு, வீட்டிலேயே முன்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னாள். கம்ப்யூட்டரையும் நாற்காலியையும் குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மோட்டார் சுவிட்ச் இருக்கிற தன் பக்கத்துச் சாவியோடு வந்து கனகாவின் கதவைத் தட்டினாள். இந்த முறை தட்டிவிட்டு நின்றாள். கனகா வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். உள்ளே அழகுபாண்டி யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் நிறங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"வாரேன்," என்றாள் ஜாய்ஸ்.

எந்த வீட்டில் எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் அதற்குப் பதிலாகப் போயிட்டு வா என்பார்கள். கனகா சாவியைக் கையில் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "சரி," என்றாள்.

ஜாய்ஸ் படியிறங்கி வந்து ஸ்கூட்டியை எடுத்தாள். காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. பின்னால் நின்ற பஸ்காரன் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடித்தான். அவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கமாக இறங்கிப் போய் நாலு கேள்வி கேட்பவள், அன்று ஒன்றும் கேட்காமல், பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.